சந்து நம்முடையது என்றார் வக்கீல்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சௌக்கியம், மனசுக்குத்தான் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

புது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருக்கிறதே, அந்தச் சந்துக்காகத்தானே அப்பா இந்த வீட்டையே வாங்கினார், ரிப்பேருக்கு வரும் வாஷிங் மெஷினை எல்லாம் தள்ளுவண்டியில் வைத்து நேராகப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று. வாங்கும்போது வக்கீலிடம் கேட்டதற்கு, சந்து உங்க வீட்டோட சேர்ந்ததுதான் சார், கவலையே படாதீங்க என்றார். இப்போது பக்கத்து வீட்டு டாக்டரம்மா நிலத்தை அளந்து பார்த்தால் சந்து முழுக்க அவர்களுடையதாம், மாதம் முடிந்ததும் சுவர் எழுப்பப் போகிறார்கள். அந்த அம்மா சண்டைக்காரி இல்லை, எங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கு, ஆனா எங்க இடம்தானேக்கா என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சரி, வாசல் வழியாகக் கொண்டுபோகலாமா என்று ஒரு மெஷினை வைத்துப் பார்த்தோம். ஹாலைத் தாண்டிவிட்டது, சமையலறை நிலையில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் அடுப்புப் பக்கம், அப்பா ஹால் பக்கம். நிலையை இழைத்து எடுக்கத் தச்சர் வரும்வரை மெஷினுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் பேசிக்கொண்டோம்.

இதற்கு நியாயம் கேட்கலாம் என்று உன் மாமா சொன்னார். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், எங்கே என்று நினைக்கிறாய்? அதே வக்கீலிடம்! உங்கமேல எப்படி சார் புகார் குடுக்கிறதுன்னு அவரையே கேட்டிருக்கிறார். அவர் டீ வாங்கிக் கொடுத்து, அதை நான் சொல்லக்கூடாது சார், வேற வக்கீலைப் பாருங்க என்றாராம். பாத்தியா, எவ்வளவு நேர்மையான மனுஷன்னு அப்பா வீட்டுக்கு வந்து மெச்சிக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. அப்புறம் வக்கீல்கள்மேல் வரும் புகாரை விசாரிக்கும் ஆபீசுக்கு நான்தான் போனேன். அங்கே இருந்தவர், சந்து வேணும்னு கேக்கறீங்களா, வக்கீல் தப்பு பண்ணிட்டார்னு சொல்றீங்களா, ரெண்டும் வேற வேறம்மா என்றார். சந்தைத் திருப்பிக் கொடுக்க அவர்களால் ஆகாதாம், வக்கீலைத்தான் கேட்க முடியுமாம். அதையும் முதலில் வக்கீலுக்கே எழுத்தில் கொடுத்து, அவர் சரியாகப் பதில் சொல்லாவிட்டால்தான் இங்கே வரவேண்டுமாம். தப்பு செய்தவரிடமே போய் நீங்கள் செய்தது தப்பு என்று கொடுக்க வேண்டுமாம், இது என்ன கூத்து! விற்றவருக்கும் இதே வக்கீல்தான் என்று நான் சொன்னதும் அந்த ஆபீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வித்தவருக்கும் வாங்கினவருக்கும் ஒரே வக்கீலா என்று இரண்டு தடவை கேட்டார். வீட்டைப் பத்தி அவருக்குத்தானே நல்லாத் தெரியும்னு எங்க வீட்டுக்காரர் நினைச்சார் என்றேன். அவர் மறுபடி பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அது நமக்கு நல்லதா கெட்டதா என்று கேட்க வாய் வரவில்லை, வந்துவிட்டேன்.

எப்படியோ புகாரை எழுதிவிட்டேன். வீடு இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன், அப்பா மாட்டேன் என்கிறார். நான் ஏமாந்தேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா என்கிறார். நீங்கள் ஏமாளி இல்லை என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார். நேற்று ஒருவர் மெஷினோடு வாசலில் வந்து நின்றார். கைவசம் நிறைய வேலை இருக்கு சார், வேற இடம் பாருங்க என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். ஷெட்டில் ஒரு மெஷின்கூட இல்லை, பாப்பா. பொய் சொல்லி நான் பார்த்ததில்லை அந்த மனுஷனை. சந்து இன்னும் திறந்துதான் கிடக்கிறது, அடுத்தவர் இடத்தில் வண்டியைத் தள்ள அவருக்குக் கூச்சம்.

அதனால் சுவர் எழும்புவதற்குள் நீ அப்பாவிடம் பேசு. யோசனை எதுவும் சொல்லாதே, ஆளாளுக்குச் சொல்லி எனக்குத் தலை சுற்றுகிறது. படித்தவர் சொன்னதை நம்பியது உங்கள் தப்பு இல்லை அப்பா என்று அதை மட்டும் சொல். நீ சொன்னால் நம்புவார். நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

இப்படிக்கு,
புகாரில் அப்பா கையெழுத்துக்கு இடம் விட்டுக் காத்திருக்கும்
உன் அம்மா