கரு சொல்லும் சேதி

மார்ச் 4

இறைச்சிக்கூடத்து டிரைவர் காலையில் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். "நாலு கருப்பை இருக்கும்மா. சீக்கிரம் வெட்டிடுங்க." பசுக்களின் கருப்பை. உள்சுவர்ச் செல்களைப் பிரித்து ஆய்வகத் தட்டுகளில் வளரவிட்டேன். கைக்கு வேலை இருந்தால் மனசு அடங்கும் என்பார்கள். அடங்கவில்லை. நேற்றுதான் கர்ப்பச் சோதனையில் இரண்டு கோடு வந்தது.

"இந்தத் தடவை யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார் வீட்டுக்காரர். சரிதான். போன முறை எல்லோரிடமும் சொன்னோம். பிறகு ஒவ்வொருவரிடமும் போய் 'இல்லை' என்று சொன்னது நான்தான்.

மார்ச் 9

தூண்டிவிட ஆக்ஸிடோசின் மட்டும் விட்ட தட்டுகளில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஏறிக்கொண்டே போகிறது. கரு தன் சேதியாக அனுப்பும் இன்டர்ஃபெரானையும் சேர்த்த தட்டுகளில் அடங்கிக் கிடக்கிறது. அந்த ஹார்மோன் ஏறினால், சூலகத்தில் கர்ப்பத்தைத் தாங்கும் கட்டி கரைந்துவிடும், கருவும் போகும். இன்னும் சுவரில் ஒட்டக்கூட இல்லாத ஒன்று, 'நான் இருக்கேன்' என்று நேரத்தோடு சொல்லியாக வேண்டும்.

மனுஷிக்கு வேறு மூலக்கூறு. தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மார்ச் 10

ஒப்பிட்டு அளக்க, சுத்தமான புரோஸ்டாகிளாண்டினைக் கரைக்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடக் கூடாது என்று குப்பியிலேயே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவதே நான்தான். இரட்டைக் கையுறை போட்டுக் கரைத்தேன்.

"ஏன் ரெண்டு?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"கை அரிக்குது." வாய் கூசாமல் வருகிறது பொய்.

மார்ச் 11

இன்றும் கரைத்தேன். கழற்றும்போது பார்த்தால், மேல் கையுறையில் விரல் நுனியில் ஓட்டை. உள்ளே ஈரம். தோலில் பட்டதா? கழுவினேன், கழுவினேன். பட்டிருந்தா? அறிவு இருக்கா எனக்கு? நாலு பேர் பாவமா பார்ப்பாங்கன்னு பயந்து — பார்க்கட்டுமே! பார்த்துட்டுப் போகட்டுமே!

மார்ச் 12

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். உள்ளே இருப்பதற்கு வாய் வந்ததோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ஆய்வகத் தலைவியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். மேடத்துக்குக் கோபம். நியாயமான கோபம்தான். "மாட்டுக் கருவுக்கு இருக்கிற புத்திகூட உனக்கு இல்லையேம்மா." பிறகு எழுந்து வந்து என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குப்பிகள் பக்கத்து மேசைக்காரிக்குப் போயின. எனக்குக் கணினி வேலை. வீட்டில் இவரிடமும் கையுறை ஓட்டையைச் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 20

ரத்தம். லேசாத்தான். எழுத முடியல.

மார்ச் 21

ஸ்கேன் டாக்டர் வெகுநேரம் திரையைத் தன் பக்கமே வைத்திருந்தார். இவர் என் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். கீழே வைக்கத் தோன்றவில்லை போலும். பிறகு டாக்டர் திரையைத் திருப்பினார். துடிக்கிறது.

"நம்பலாமா டாக்டர்?"

"இன்னைக்கு நம்புங்க."

ஏப்ரல் 2

இன்றும் நம்பினேன்.

செப்டம்பர் 2

கட்டுரையின் கடைசி வரைபடம் முடிந்தது. கணினி மேசையை யாரோ முன்னால் நகர்த்திவிட்டார்கள், வயிற்றில் இடிக்கிறது என்று புகார் சொன்னேன். பக்கத்து மேசைக்காரி வந்து குனிந்து பார்த்தாள். "மேசை இருந்த இடத்துலதான் இருக்கு" என்று சொல்லி, என் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டாள்.