பாதிப் பாத்தி

பாப்பா அப்பாவுக்கு,

நாங்க சுகம். கொழும்புல சாப்பாடெல்லாம் ஒங்களுக்கு ஒத்துக்குதா? போன்ல பேசினா அழுதுருவேன்னுதான் எழுதுறேன். அழுவுற மாதிரி ஒண்ணுமில்ல.

லயத்து வீட்டுக்குப் பின்னால கோவாக் கோசு வெதச்சேன்ல. ஒரே வெத, ஒரே மண்ணு, ஒரே மாட்டெரு. பாதிப் பாத்தி சாண் ஒசரம் வந்திருச்சு. மத்தப் பாதி வெரல் அளவுலயே நிக்குது. எல சுருண்டு மஞ்சளா கெடக்கு. பூச்சியா, கண்ணேறா, ஒண்ணும் வெளங்கல.

வெத குடுத்த ஐயா வந்து பாத்தாரு. என்ன தண்ணி ஊத்துனன்னு கேட்டாரு. வளந்த பாதிக்கு மலையிலருந்து வர்ற பீலித் தண்ணி. மத்தப் பாதி பனி விழுற ஓரம், வெறச்சிரும்னு, கூரைத் தகரத்துல வெயிலுக்கு வச்சிருக்க கேன் தண்ணிய ஊத்தினேன். கேன எறக்கி மோந்து பாத்தாரு. பழைய பிளாஸ்டிக் வெயில்ல காஞ்சா அதுல இருக்க ரசாயனம் தண்ணியில எறங்குமாம். எளங்கன்னுக்கு வேர் ஓடாதாம். "இதுதான்னு அடிச்சுச் சொல்லமாட்டேன் தங்கச்சி"ன்னும் சொன்னாரு. அப்ப நான் எத நம்புறது?

அடுப்புல தண்ணி சீக்கிரம் கொதிக்கும், வெறகு மிச்சமாகும்னு நீங்க போறப்ப ஏத்தி வச்ச கேன்தாங்க அது. ஒங்க மேல கோவமில்ல. யாரு மேல கோவப்படுறதுன்னும் தெரியல.

ஐயாகிட்ட இன்னொண்ணு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

பாப்பா நல்லா சிரிக்கிறா. கிளினிக்ல நிறுத்துப் பாத்தாங்க. மூணு மாசமா அதே நிறைதான்.

பால்மாவ இன்னைக்கிலருந்து பீலித் தண்ணியில கரைக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா