திரும்பத் திரும்ப உங்கள் பெயர்

என் மாமாவுக்கு,

நம் கவிதாவைப் பெண் கேட்டு நெல்லிவாசலிலிருந்து வந்திருந்தார்கள். அவளுக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. ஆனால் பையனின் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். தூரத்து வழியில் அவன் நம் பெண்ணுக்கு அண்ணன் முறை ஆகிவிடுவானோ என்று. அப்படியானால் இந்தக் கல்யாணமே கிடையாது.

"உங்க வூட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல முறை பாக்கறதுக்கு எழுதி வச்சாரே, அதுல பாத்துச் சொல்லுங்களேன்" என்றார் அந்த அம்மா. நீங்கள் போன பிறகும் உங்கள் நிரலைத்தான் இந்த மலை நம்புகிறது.

கவிதாவின் பெயரையும் பையனின் பெயரையும் கொடுத்தேன். ஒவ்வொரு ஆளிடமும் 'உனக்கு யார் யார் சொந்தம்?' என்ற அதே கேள்வியைக் கேட்க அது தன்னைத்தானே மறுபடி மறுபடி அழைக்குமே. அவளுடைய அப்பாவிடம் போனது, நீங்கள். உங்கள் மனைவி, நான். என் அம்மா. அம்மாவின் தம்பி, மறுபடியும் நீங்கள். பிறகு நான், அம்மா, நீங்கள். திரை முழுக்க உங்கள் பெயர் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் நினைவகம் தீர்ந்து கணினி அப்படியே நின்றுபோனது.

அக்கா மகளைக் கட்டியவர் எழுதியது வேறெப்படிப் போகும்? வந்த வழியே உடனே திரும்பாதே என்று எழுதினீர்கள். சுற்றி வந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. இறந்தவரிடம் போனால் மட்டும் அதற்கு மேல் கேட்காது. "நம்ம வூட்ட மட்டும் அதுல கேக்காத சாந்தி. நான் செத்தாதான் அது நிக்கும்" என்று சிரித்தீர்களே. ஏன் மாமா அப்படிச் சொன்னீர்கள்?

அமிர்தி இறக்கத்தில் உங்கள் வண்டி சறுக்கி ஒரு மழைக்காலம் போய்விட்டது. 'உயிருடன்' என்ற கட்டத்தில் உங்கள் பெயருக்கு நேரே இன்னும் 'ஆம்' என்றுதான் இருக்கிறது.

"இன்னாடி சொல்லுது?" என்றாள் என் அம்மா.

கவிதாதான் மெல்லக் கேட்டாள். "அப்பாவுக்கு 'இல்லை'ன்னு போட்டா நின்னுடும் இல்லம்மா?"

"அது தப்ப மறைக்கிறதுடி. இன்னொரு வூட்டக் கேட்டா மறுபடி சுத்தும்" என்றேன். சொன்னது சரிதான். ஆனால் காரணம் அதுவல்ல. எனக்குக் கை வரவில்லை.

வேறு விதமாகத் திருத்தினேன். போகிற ஆளிடமெல்லாம் இனி ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போகும். அடையாளம் வைத்த ஆளை மறுபடி அழைக்காது. சின்ன வேலைதான். ஓட விட்டேன். உங்கள் பெயர் வந்தது. என் பெயர், அம்மா, அப்புறம் நான் கேள்விப்படாத பெயர்களாக வந்தன. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மறுபடி வரவேயில்லை.

மாமன் மகன் முறை என்று பதில் வந்தது. கவிதா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுததைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

தை மாதம் கல்யாணம். தாலி ஏறியதும் அந்த 'உயிருடன்' கட்டத்தை நானே மாற்றிவிடுகிறேன். இது சத்தியம். அதுவரைக்கும் இருங்கள்.

உங்கள் அக்கா மகளும் மனைவியுமான
சாந்தி