கடைவாயில் அடக்கிய கருப்பட்டி

என் பிரியமுள்ள எஸ்தர் அக்காவுக்கு,

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் என் சந்தேகப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. நீயாவது அங்கே நிம்மதியாக இருக்கிறாயா?

உன் இடது பக்கப் பற்கள் சொத்தையாகி விழுந்தபோது, வெம்பக்கோட்டைப் பட்டாசுக் கம்பெனி மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். மருந்துத் தூசி தொண்டையில் இறங்காமலிருக்க, வேலை முடியும்வரை கடைவாயில் கருப்பட்டியை அடக்கிக்கொள்வது உன்னோடு வேலை பார்த்த செட்டில் எல்லோருக்கும் பழக்கம். அதன்மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்போது உன் மகள் மெர்சிக்கும் இடது பக்கம்தான் வலி. கம்பெனி வாசலை மிதிக்காத டீச்சர் அவள். அப்புறம் எப்படி?

சாத்தூர்ப் பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இனிப்பு எதையாச்சும் வாயில அடக்கி வைக்கிற பழக்கம் உண்டா? கருப்பட்டின்னாலும் சீனின்னாலும் பல்லுக்கு ஒண்ணுதான். ரொம்ப நேரம் ஊறுனா அரிச்சிரும்" என்றார். மெர்சி தரையைப் பார்த்தாள். எனக்கோ டாக்டரம்மா மேல் சந்தேகம். கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியவராக இருப்பாரோ? வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சந்தேகம் மெர்சி மேல் திரும்பிவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது.

"வாயைத் தொற."

"ஒண்ணுமில்ல சித்தி. எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுறீக."

"தொறன்னு சொல்லுதேன்ல."

திறந்தாள். அக்கா, உன் வாசம் வந்தது. வேலை முடிந்து வந்து எங்களோடு உட்கார்ந்து பேசுவாயே, அதே வாசம்.

"அம்மா முத்தம் குடுக்கையில இப்படித்தான் இருக்கும் சித்தி" என்று அழுதாள். கருப்பட்டியைப் பிடுங்கி எறியத்தான் போனேன். கை வரவில்லை. நானும் அழுதேன்.

பிறகு தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னேன். சாப்பாட்டோடு ஒரு துண்டு தின்னட்டும், உடனே வாயைக் கழுவட்டும், அடக்கி வைக்கக் கூடாது என்று பேச்சு. சரி என்கிறாள். நான் நம்பவில்லை.

அவளுக்கு ஒரு பல்கூடப் போகாது அக்கா, அதற்கு நான் பொறுப்பு. தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். பல்லைப் பார்க்க மட்டும்தானா என்று நீ கேட்கக் கூடாது.

உன்னை இன்னும் மோந்து தேடும் தங்கச்சி,
ரூத்