ஒரு நிமிட வெந்நீர்

அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை; ஐப்பசி 14.

குருசுக்குப்பத்து மீன்காரம்மாவுக்கு இன்று பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சை. வயிற்றுக்குள் கேமராவைப் பிடித்திருந்தவன் நான். அதன் கண்ணாடி மூன்றாம் முறையாக ஆவி படிந்து மங்கியது. டாக்டர் அதைக் கல்லீரலின் மேலேயே துடைக்கச் சொன்னார். நான் வெளியே எடுத்து வெந்நீரில் அமிழ்த்தினேன்.

“பெருசு, உள்ள விடுய்யா! எனக்கு எடம் தெரியும்.”

“எனக்குத் தெரியலையே டாக்டர். டிவியில பனிமூட்டந்தான் தெரியுது. ஒரு நிமிஷம் பொறுங்க.”

“ஒரு நிமிஷமா? அதுக்குள்ள அந்தம்மா எழுந்து மீன் விக்கப் போயிடும்!”

நர்ஸ் சிரித்தாள். நான் முழு நிமிடமும் காக்க வைத்தேன். படம் தெளிந்தது. அவர் வெட்டவிருந்த பித்தப்பைக் குழாய் சரியான குழாய்தான்; அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆயினும், சரி என்பது கண்ட பிறகே உறுதியாயிற்று. பக்கத்துக் குழாய் வெட்டுப்பட்டிருந்தால், ஆயுளுக்கும் அவதி அந்தம்மாவுக்கல்லவா?

மாலையில் ஆஸ்பத்திரி அலுவலகத்தில், டாக்டரைக் காக்க வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்பதாக ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். கையொப்பமிடாவிட்டால் திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாமாம். அதில் தேதி தவறாக 30 என்றிருந்தது. 31 என்று திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். கையொப்பமிடவில்லை.