முன்வரிசைச் சிறுமி

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விடுதி அறை பரவாயில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் பள்ளியை நினைத்தால்தான் பயம். காலையில் விசிலைக் கழுத்தில் மாட்டினாலே கழிப்பறைக்கு ஓடுகிறேன். சிரிக்காதே.

நேற்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துவதைப் பார்க்க வழிகாட்டி ஆசிரியர் வந்தார். பிள்ளைகளைப் பார்த்து நின்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது, 'வலப்பக்கம்' என்றால் நாங்கள் எங்கள் இடப்பக்கம் நகர வேண்டும். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்துச் செய்வார்கள். பயத்தில் நான் என் வலப்பக்கமே நகர்ந்துவிட்டேன். பாதிப் பேர் சொன்னதைச் செய்தார்கள், பாதிப் பேர் என்னைப் பார்த்துச் செய்தார்கள். ஒருத்திமேல் ஒருத்தி மோதி ஒரே சிரிப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? சொன்னபடி சரியாக நகர்ந்த முன்வரிசைச் சிறுமியைப் பிடித்து, "உனக்கு வலது எது, இடது எதுன்னே தெரியாதா?" என்று கத்தி, வெளியே உட்கார வைத்தேன். "நல்ல கண்டிப்பு" என்று அவர் பாராட்டினார். நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

உன் தங்கை

ஜூலை 9

என் ஒல்லிக்குச்சிக்கு,

வயிற்றுக்கு மாத்திரை வாங்கிப் போடு. மற்றதற்கு மாத்திரை கிடையாது. "எங்க மச்சினி டீச்சராகப் போறா" என்று உன் மாமா தெருவெல்லாம் பீற்றிக்கொள்கிறார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

பயம் யாருக்குத்தான் இல்லை? அதற்காக ஒரு பச்சைப் பிள்ளை தலையில் பழியைப் போடுவதா? பாராட்டு உனக்கு, தண்டனை அவளுக்கு, நன்றாக இருக்கிறதடி உன் நியாயம். தப்பு உன்னுடையது என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அந்த ஆசிரியர் எதிரிலேயே சொல். பயிற்சி போனால் போகட்டும். அதுவரை எனக்கு எழுதாதே.

அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

தினமும் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டிருந்தேன். இன்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் முகம் கறுத்துவிட்டது. "பயிற்சிக்கு அடுத்த பருவத்துல முதல்லேர்ந்து வாங்க" என்றார். மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

வகுப்பு கலைந்ததும் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். எனக்குச் சமாதானம் சொல்வதுபோல் சிரித்தாள்.

"பரவால்ல டீச்சர். நான்தான் தப்புன்னு நெனச்சு வீட்ல தினமும் மாத்தி மாத்திச் செஞ்சு பழகினேன். இப்ப எனக்கே குழம்பிடுச்சு" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். "இதுல எது டீச்சர் வலது?"

வலது கையைப் பிடித்துக்கொண்டேன் அக்கா.

உன் தங்கை