ஆழமாய் வெட்டிய பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் சின்னவன் வணங்கி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நலம், கட்டைவிரலில் உளி பட்டது, ஆறிவிட்டது.

போரில் இங்குள்ள ஆஸ்பத்திரிமேல் குண்டு விழுந்தபோது, நோயாளிகளை விட்டுப் போக மறுத்து உயிர்விட்ட நர்சுகளுக்கு நேற்று நினைவுக்கல் திறந்தார்கள். பெயர்களை வெட்டியது நான்தான். பார்வையில்லாத ஒரு அம்மா தன் மகளின் பெயரை விரலால் தடவிப் படித்தார்.

"யாருப்பா வெட்டினது?"

"நான்தாம்மா."

"ஆழமா வெட்டியிருக்கே. மழையில அழியாதுல்ல?"

"எத்தனை தலைமுறை ஆனாலும் நிக்கும்மா."

என் கையைப் பிடித்து உயர்த்தி, "எம்பொண்ணு பேரை வெட்டின கை இது!" என்று கூட்டத்துக்குக் காட்டினார். எதற்கும் அசராத எங்கள் மேஸ்திரியே மூக்கை உறிஞ்சினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான். துவைக்க வேண்டாம். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.